தொழிலும் வாழ்வும்: யந்திரங்கள் பேசும் மொழி

புனே நகரில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மொழி என்பது நாள்தோறும் கையாளும் கருவியாகும். கட்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ தேஹு ரோட்டிலோ உள்ள நம் இல்லங்களில் தமிழ் ஒலிக்கிறது; காய்கறிச் சந்தையில் மராத்தி வேண்டும்; பேருந்திலும் ரயிலிலும் இந்தி கைகொடுக்கிறது; அலுவலகத்தில் ஆங்கிலம் நடக்கிறது. ஒரே நாளில் நான்கு மொழிகளுக்கிடையே நடமாடும் நமக்கு, ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காமற் போனால் எவ்வளவு காரியம் கெடும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பிம்ப்ரியிலும் போசரியிலும் சாக்கனிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குள் யந்திரங்களுக்கும் இதே சங்கடம் உண்டு என்று கூறினால் வாசக அன்பர்களுள் சிலர் வியப்படையக்கூடும். யந்திரங்களும் ஒன்றோடொன்று பேசுகின்றன. அவற்றுக்கும் மொழிகள் பல. அவற்றுக்கிடையிலும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டனர். அம்மொழிகள் இப்போது பெரியதொரு மாறுதலுக்கு உட்பட்டு வருகின்றன. பிம்ப்ரியில் 1954-ஆம் ஆண்டு ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் ஆலை எழுந்த காலந்தொட்டும், 1962-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றிய காலந்தொட்டும் இப்பகுதித் தொழில்களில் உழைத்துவரும் நம் குடும்பங்கள் பல. ஆதலின், இம்மாறுதலின் தன்மையை நாம் அறிந்திருத்தல் நன்று. பொறியியல் கற்றவர்க்கு மட்டுமன்றி, வேலைக்குச் சென்றவர் நலமே திரும்பி வர வேண்டுமென்று வாயிலை நோக்கியிருக்கும் இல்லத்தார்க்கும் இது உரிய செய்தியேயாகும்.

யந்திரம் என்ன பேசும் என்று முதலில் காண்போம். ஓர் ஆலையில் கொதிகலன் ஒன்று இருக்கிறதென்று கொள்வோம். அதன் அழுத்தத்தை அளக்கும் கருவி ஓரிடத்தில் இருக்கும். நீராவியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் வால்வு வேறிடத்தில் இருக்கும். இரண்டையும் கண்காணிக்கும் தொழிலாளி தொலைவில் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பார். அழுத்தம் எவ்வளவு என்ற செய்தி அவரை அடைய வேண்டும். வால்வைத் திற என்ற கட்டளை அங்கே செல்ல வேண்டும். பழங்காலத்தில் இச்செய்தி குழாய் வழியே காற்றழுத்தமாகச் சென்றது. பின்னர் இரண்டு கம்பிகளின் வழியே மின்னோட்டமாகச் செல்லலாயிற்று. அழுத்தம் கீழெல்லையில் இருந்தால் 4 மில்லியாம்பியர். மேலெல்லையில் இருந்தால் 20. சரிபாதியில் இருந்தால் 12. இவ்வளவுதான் அந்த மொழியின் இலக்கணம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கீழெல்லைக்குப் பூஜ்யத்தை வைத்துக்கொள்ளாமல் 4 என்று ஏன் வைத்தார்கள்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். கீழெல்லையும் பூஜ்யமாக இருந்திருப்பின், 'இங்கே அழுத்தமே இல்லை' என்பதும், 'நான் வாய் திறக்க இயலாத நிலையில் கிடக்கிறேன்' என்பதும் ஒன்றாகவே தோன்றும். அழுத்தம் இல்லையென்று நம்பித் தொழிலாளி நெருப்பைக் கூட்டினால் என்ன நேரும் என்பதை நினைக்கவே நெஞ்சம் நடுங்குகிறது. ஆகவே, குறைந்த அளவைச் சொல்லுங்காலும் கருவி தான் உயிரோடிருப்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று அந்நாளைய பொறியாளர் விதித்தனர். இன்றும் எண்ணற்ற ஆலைகளில் இம்முறையே நடைபெறுகிறது.

ஆயினும் இரண்டு கம்பிகளில் ஓர் அளவை மட்டுமே அனுப்ப இயலும். நூறு கருவிகள் இருந்தால் நூறு இணைக் கம்பிகள் வேண்டும். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மோடிகான் என்னும் நிறுவனம் பி.எல்.சி. எனப்படும் கட்டளைப் பெட்டியை முதலில் அளித்தது. அதுவரை அலமாரி அலமாரியாக ரிலேக்களை அடுக்கிச் செய்த வேலையை அப்பெட்டி எழுத்து வடிவான கட்டளைகளால் செய்தது. அதே நிறுவனம் 1979-ஆம் ஆண்டு மாட்பஸ் என்னும் மொழியை வகுத்தது. தலைமைக் கருவி கேள்வி கேட்கும். எண் இடப்பட்ட கீழ்க் கருவி விடை சொல்லும். ஒரு தலைமையின் கீழ் 247 எண்கள் வரை அமையலாம். கற்க எளிது, பயன்படுத்தக் கட்டணமும் இல்லை. எனவே அது உலகெங்கும் பரவிற்று.

1980-களின் நடுவில் ஹார்ட் என்னும் மொழி பிறந்தது. அதன் சாமர்த்தியம் போற்றத்தக்கது. 4 முதல் 20 வரையுள்ள பழைய மின்னோட்டத்தைச் சிறிதும் குலைக்காமல், அதன் மீதே இரண்டு நுண்ணிய ஒலியலைகளை ஏற்றி அனுப்புவது அம்முறை. ஒன்று நொடிக்கு 1200 அதிர்வு. மற்றொன்று 2200 அதிர்வு. ஒன்று 'ஆம்' என்பதற்கும் மற்றொன்று 'இல்லை' என்பதற்கும் நிகர். பழைய கம்பியும் அப்படியே. பழைய அளவும் அப்படியே. அதன் மேல் புதிய செய்தி. பழையதை இடிக்காமல் புதியதைக் கட்டலாம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுத் தொழில் உலகில் அரிது.

ஆனால் இங்கேதான் குழப்பமும் தலைகாட்டியது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு நிறுவனமும் தத்தமக்கென ஒரு மொழியை வகுத்துக்கொண்டன. ஜெர்மனியில் புரோபிபஸ், அமெரிக்காவில் வேறு, பிரான்ஸில் வேறு. இவற்றுள் ஒன்றை உலகப் பொதுமொழியாக்க வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் வாதங்கள் நடந்தன. முடிவில் 2000-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த சர்வதேசத் தர விதியில் எட்டு மொழிகள் ஒருங்கே இடம் பெற்றன! பஞ்சாயத்துக் கூடி ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வந்த எட்டுப் பேரையும் தலைவர்களாக அறிவித்த கதையை இது ஒக்கும்.

இதனால் ஆலைக்காரர் அடைந்த தொல்லை சிறிதன்று. ஓர் ஆலையில் ஆறு வகை யந்திரங்களும், அவற்றைத் திரையில் காட்டவும் கணக்கெடுக்கவும் ஐந்து வகைக் கணிப்பொறி நிரல்களும் இருப்பின், ஒவ்வோர் இணைக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளராக முப்பது இணைப்பு நிரல்கள் வேண்டும். 1996-ஆம் ஆண்டு ஓ.பி.சி. என்னும் பொது ஏற்பாடு வெளிவந்தது. ஒவ்வொரு யந்திர வகையும் இப்பொதுமொழிக்கு ஒரு வாயிலும், ஒவ்வொரு நிரலும் இதற்கு ஒரு வாயிலும் வைத்துக்கொண்டால் போதும். முப்பது பதினொன்றாகக் குறைந்தது. வெவ்வேறு நாட்டு யந்திரங்களை ஒரே கூரையின் கீழ் நிறுத்தியிருக்கும் நம் வட்டாரத்து ஆலைகள் போன்றவற்றுக்கு இது பேருதவியாயிற்று. ஹடப்சர் தொழிற்பேட்டையில் தலைமையகம் கொண்ட ஹனிவெல் ஆட்டோமேஷன் இந்தியா, நீராவிக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற போர்ப்ஸ் மார்ஷல் முதலியன நம் நகரிலேயே விளங்குகின்றன. ஆலைக் கட்டுப்பாட்டுக் கலை புனேவாசிகளுக்குத் தொலைதூரச் செய்தியன்று.

இனி நாம் கூற வந்த பொருளுக்கு வருவோம். இம்மொழிகள் யாவும் செய்தி பிழையின்றிச் சேர வேண்டும் என்பதில் கருத்தூன்றின. செய்தியை அனுப்பியவர் யார் என்று கேட்கவில்லை. மாட்பஸ் மொழியில் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது, கடிதம் வழியில் நனைந்து எழுத்துக் கலைந்ததா என்று பார்ப்பதை ஒக்கும். கடிதத்தின் கீழ்க் கையெழுத்து இட்டவர் மெய்யானவரா என்று பார்ப்பதன்று. மொழி தெரிந்த எவர் 'வால்வை மூடு' என்றாலும் யந்திரம் மூடிவிடும்.

இது அந்நாளைய பொறியாளரின் குறை என்று சொல்லிவிடலாகாது. அக்காலத்தில் கம்பி ஆலையின் மதிலுக்குள்ளேயே தொடங்கி மதிலுக்குள்ளேயே முடிந்தது. வாயிற்காவலரைக் கடந்து உள்ளே வந்தவரே பேச இயலும். கிராமத்து வீட்டில் பகலில் கதவைத் தாழிடுவாரில்லை. தெருவில் நடப்பவர் யாவரும் தெரிந்தவர். அதே கதவைப் பட்டணத்துப் பெருந்தெருவில் தாழிடாமல் வைத்தால் என்னாகும்? ஆலைகளின் கம்பிகள் அலுவலக வலையோடும், அது இணையத்தோடும் இணைந்தபோது, கதவு பழைய கதவாகவே இருக்க, தெரு மாறிவிட்டது.

ஓ.பி.சி.யின் நிலை சற்றே வேறு. அது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டிகாம் என்னும் ஏற்பாட்டின் மீது எழுப்பப்பட்டது. அதில் பாதுகாப்பு விதிகள் இருந்தன. ஆயின் அவை சிக்கல் மிகுந்தவை. ஒரு கணிப்பொறி மற்றொன்றோடு பேச, முன்கூட்டி அறிய முடியாத பல வாயில்களைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. இணைப்பு வேலை செய்யவில்லையென்றால் 'எல்லோருக்கும் அனுமதி' என்று குறித்துவிட்டு வீடு திரும்புவது ஆலைகளில் வழக்கமாகிவிட்டது. உற்பத்தி நின்றுவிடலாகாது என்ற நெருக்கடியில் இரவு இரண்டு மணிக்கு நிற்கும் தொழில்நுட்பவாதியை நாம் குறை கூறோம். எனினும் திறந்த வாயில் திறந்த வாயிலே.

இதன் விளைவை உலகம் கண்டது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் உக்ரைன் நாட்டில், தொலைவிலிருந்து புகுந்தவர்கள் மின் நிலையங்களின் சுவிட்சுகளைத் திறந்துவிட்டதால் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினர். மறு ஆண்டு டிசம்பரில் கீவ் நகரின் ஒரு பகுதி சுமார் ஒரு மணி நேரம் மின்சாரம் இழந்தது. இரண்டாம் முறை ஏவப்பட்ட நச்சு நிரலை ஆராய்ந்தோர், அது கட்டுப்பாட்டுக் கருவிகளின் நான்கு மொழிகளைக் கற்றிருந்ததைக் கண்டனர், அவற்றுள் ஓ.பி.சி.யும் ஒன்று. திருடன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டார் பேசும் மொழியிலேயே கட்டளையிடக் கற்று வந்தான். 2017-ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோ ரசாயன ஆலையில், விபத்து நேருங்கால் ஆலையைத் தானே நிறுத்த வேண்டிய காவற்கருவிக்குள்ளேயே நச்சு நிரல் புகுத்தப்பட்டது. ஆலை தானாக நின்றுபோனமையால் அது வெளிப்பட்டது.

நம் தாயகத்திலும் ஓர் எச்சரிக்கை ஒலித்தது. 2019-ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில் நச்சு நிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. அக்கணிப்பொறி உலைக் கட்டுப்பாட்டு வலையிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததென்றும், கட்டுப்பாட்டு முறைகள் பாதிக்கப்படவில்லையென்றும் கழகம் தெரிவித்தது. நிர்வாகத்திற்கும் உலைக்கும் இடையே மதில் எழுப்பியிருந்ததன் பயனை அன்று நாடறிந்தது.

இந்நிலையில் புதிய மொழி எதைச் செய்கிறது? ஓ.பி.சி. யு.ஏ. என்பது அதன் பெயர். 2006-ஆம் ஆண்டு முதல் அதன் விதிகள் வெளிவரலாயின. இன்று அது சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டுள்ளது. ஒரே நிறுவனத்தின் கணிப்பொறி முறையைச் சார்ந்திராமல் எதிலும் இயங்கும்; சிறிய கருவிக்குள்ளும் அடங்கும். 'எழுபது' என்று வெறும் எண்ணைச் சொல்லாமல், எந்தக் கொதிகலனின் எழுபது, பாகையா அழுத்தமா, எந்நேரத்தில் அளந்தது, நம்பத்தக்கதா என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வல்லது. யாவற்றினும் மேலாக, பேசத் தொடங்குமுன் இருபுறமும் தத்தம் சான்றிதழைக் காட்ட வேண்டும். இதனை நம்பலாம் என்று பொறுப்பாளர் ஒருவர் ஏற்ற சான்றிதழுக்கே செவி சாய்க்கும். செய்திக்கு முத்திரை இடலாம். வழியில் எவரும் படிக்காதபடி மறைத்தும் அனுப்பலாம்.

பழைய வழக்கத்தில் நீடிப்பதற்கும் இனி இடம் சுருங்கிவிட்டது. டிகாமில் இருந்த ஒரு பலவீனத்தை அடைக்க மைக்ரோசாப்ட் 2021 ஜூனில் ஒரு திருத்தம் வெளியிட்டது; 2022 ஜூனில் அதைத் தானே செயற்படுமாறு செய்தது; 2023 மார்ச் 14-க்குப் பின் அதை விலக்கிவைக்கும் வசதியையும் நீக்கிற்று. திருத்தத்தை ஏற்ற கணிப்பொறிகளோடு, ஏற்காத பழைய இணைப்புகள் பேச இயலாமற் போகும் நிலை வந்தது. உலகெங்கும் கருவி உற்பத்தியாளர் தம் வாடிக்கையாளர்க்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பினர். ஆலை யந்திரத்தின் ஆயுள் இருபது முப்பது ஆண்டு; கணிப்பொறி முறையின் ஆயுளோ அதிற் சிறுபகுதி. இந்த வேறுபாடே ஆலைக்காரரின் தீராத தலைவலி.

ஆனால் புதிய மொழியை வாங்கிவிட்டால் மட்டும் காவல் வந்துவிடுமா? வாராது. 2020-ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் சிலர் இணையத்தில் வெளிப்படத் தென்பட்ட ஓ.பி.சி. யு.ஏ. கருவிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் நூற்றுக்கு 92-இல் பாதுகாப்பு அமைப்பில் குறை இருந்தது. நூற்றுக்கு 44 எவ்வித அடையாளமும் கேளாமல் கதவைத் திறந்தன. வெவ்வேறு இடங்களிலுள்ள நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே சான்றிதழை வைத்திருந்தமையும் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு தெரு முழுவதற்கும் ஒரே சாவி! அம்மொழியில் 'பாதுகாப்பு வேண்டா' என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. சோதனைக்காக அமைத்த அவ்வசதி நிரந்தர வழக்கமாகிவிட்டால், பூட்டை வாங்கிக் கதவில் அழகுக்குத் தொங்கவிட்டதாகவே முடியும். ஆகவே மொழியை மாற்றுவது பாதி வேலை. இன்னார்க்கே இடமுண்டு என்று முடிவு செய்து, அதை ஆண்டுதோறும் சரிபார்ப்பது மறுபாதி.

இம்மாறுதலைச் செய்யும் முறையிலும் நிதானம் வேண்டும். ஆலையில் எந்தக் கருவி எம்மொழியில் எதனோடு பேசுகிறது என்று முதலில் பட்டியல் எடுத்தல் வேண்டும். பழைய கருவியைத் தூக்கியெறியாமல், அதன் முன் ஒரு வாயிற்கருவியை வைக்கலாம். அது உள்ளே பழைய மொழியிலும் வெளியே சான்றிதழ் கேட்கும் புதிய மொழியிலும் பேசும். பழைய வழியையும் புதிய வழியையும் சில காலம் ஒருங்கே நடத்தி, அளவுகள் ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே, பராமரிப்புக்காக ஆலை நிறுத்தப்படும் நாளில் பழையதை விலக்க வேண்டும். ஆபத்தில் ஆலையை நிறுத்தும் காவற்கருவியை மட்டும் பிறவற்றிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும். சிறு தொழிலதிபர்களும் புதிய முறைகளை அறிய, மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் சமர்த் உத்யோக் திட்டத்தில் இடம்பெற்ற சி4ஐ4 ஆய்வகம் நம் புனேயிலேயே அமைந்துள்ளது.

அப்பட்டியலை எடுப்பவர் யார் என்பதே நம் சமூகத்துக்கு நேரடியாக உரிய கேள்வி. இருபத்தைந்து ஆண்டு ஒரே ஆலையில் பணியாற்றிய எலக்ட்ரீஷியனுக்கும் கருவிப் பிட்டருக்கும் தெரிந்தவை பல காகிதத்தில் இல்லை. எந்தப் பேனலில் எந்தக் கம்பி எப்போது மாற்றப்பட்டது, எந்தக் கருவி மழைக்காலத்தில் தவறான அளவு காட்டும் என்பவை அவர் நினைவிலேயே உள்ளன. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதுமை செய்ய முற்படும் ஆலை, அகராதியைக் கிழித்துவிட்டு மொழிபெயர்க்கத் தொடங்குவதை ஒக்கும். நம் பெரியவர்கள் தாம் அறிந்தவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். அது அவர்தம் உழைப்புக்குச் சான்றாகவும், அடுத்து வருவோர்க்குக் காவலாகவும் அமையும்.

ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம். கணிப்பொறி வலையை மட்டும் கற்றவர் கொதிகலனை அறியார். கொதிகலனை மட்டும் கற்றவர் வலையை அறியார். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இன்று ஆள் பஞ்சம். 4 மில்லியாம்பியரின் காரணத்தையும் கற்றுச் சான்றிதழின் காரணத்தையும் கற்ற இளைஞர், எந்த ஆலைக்கும் வேண்டியவராவர்.

பல மொழி பேசும் ஊரில் பிழைக்க வந்த நாம், பொதுமொழியின் அருமையை அறிந்தவர்கள். அதே மொழியில் எவர் வந்து பேசினாலும் கதவைத் திறந்துவிடலாகாது என்பதையும் நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவர். யார் என்று கேட்ட பின்னரே தாழ்ப்பாளை நீக்குகிறார்கள். ஆலையின் யந்திரங்களுக்கும் அந்த எளிய வழக்கத்தைக் கற்பிக்க வேண்டிய காலம் வந்துள்ளது. நம் ஆலைகளில் அதைக் கற்பிக்கும் கைகளில் தமிழர் கைகளும் இருத்தல் வேண்டும் என்பது நம் விருப்பம்.